விதைப் பள்ளம்

நாரின் நகரில் என் அறைக்கு ஒரே ஜன்னல்.
வாயைத் திறக்கச் சொன்னால்
முதலில் மன்னிப்புக் கேட்பார்கள் இந்த ஊர்க்காரர்கள்:
பூண்டுக்கு, புகைக்கு, நேற்றைய குமிஸுக்கு,
போன வருஷமே வராமல் போனதற்கு.

என் தொழில் சின்னது. ஒரு குட்டிக் கண்ணாடி,
நுனி வளைந்த ஊசி,
முப்பத்திரண்டிலிருந்து இறங்கிக்கொண்டே போகும் ஒரு கணக்கு.
சொத்தையைச் சுரண்டி அடைக்கிறேன்.
ஆடும் பல்லுக்கு அவகாசம் தருகிறேன்.
பிடுங்குவதும் உண்டு, பிடுங்க மாட்டேன் என்பதும் உண்டு.
எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் ஞானப்பல்லைக் கண்டால்
சீட்டு எழுதிவிடுவேன்:
பிஷ்கெக், மூன்றாம் மாடி, சுயூன்பேக்.

கல்லூரியில் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருந்தவன்.
மெழுகில் பல் செதுக்கும் வகுப்பில்
அவன் செதுக்கியதெல்லாம் உருளைக்கிழங்கு.
நான் இங்கே திரும்பி வந்து பெயர்ப்பலகை மாட்டினேன்.
அவன் இன்னும் பல வருஷம் படித்தான்.
மயக்க மருந்து, விபத்து வார்டின் இரவுகள்,
முகநரம்பு எந்தச் சதைக்கடியில் ஒளிந்து ஓடுகிறது என்பது.
கத்தி ஒரு நூல் தப்பினால்
ஒருவன் பாதிச் சிரிப்போடு வீடு போவான் என்றான் ஒருமுறை,
நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டே.

என் நோயாளி தன் பெயரைச் சொல்லி உட்காருவான்.
அவனுடைய நோயாளியின் பெயரைக்
கூட வந்தவன்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபரில் கோக்போரு ஆட்டம்.
மண்ணில் கிடந்த ஆட்டுடலை எட்டக் குனிந்த எர்மெக்கின் முகத்தில்
எதிரணிக் குதிரையின் குளம்பு.
என்னிடம்தான் முதலில் தூக்கி வந்தார்கள்.
வாய்தானே, பல் டாக்டர்தானே.
திறக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
மூடத்தான் முடியவில்லை அவனால்.
கீழ்ப்பல் வரிசை நடுவில் ஒரு படி இறங்கியிருந்தது.
விரல் வைத்தால் இரு துண்டும் தனித்தனியே அசைந்தன.

ரத்தம் துடைத்தேன்.
முறிவின் இரு கரையிலும் நின்ற பற்களைக்
கம்பியால் சேர்த்துக் கட்டினேன்.
மல்லாத்தாதீர்கள், குனிந்தே உட்காரட்டும் என்றேன்.
அதற்கு மேல் என் கைக்கு வழி தெரியாது.
சொல்ல எனக்கு வெட்கமில்லை.
அவன் அண்ணன் முறைத்தான்:
"அப்புறம் எதுக்கு இந்த வெள்ளைக் கோட்டு?"
தோலோன் கணவாயில் பனி என்றார்கள். வண்டி கிளம்பியது.

மறுநாள் மதியம் போன்.
தாடையில் மூன்று முறிவு. தகடு தயார், திருகு தயார்.
"எலும்பை எப்படியும் பூட்டிவிடலாம், குல்சாரா.
எப்படிப் பூட்டினால் அது இவனுடைய வாய்?"
உருளைக்கிழங்கு செதுக்கியவன் கேட்கிறான்.
"முன்னே இவன் பல் எங்கே எதைத் தொட்டது?"

அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன்.
தூக்கத்தில் பல் நறநறக்கிறான் என்று
எப்போதோ அவன் மனைவி இழுத்து வந்த நாளில்
எடுத்து வைத்த பிளாஸ்டர் அச்சு.
ஊதினேன், தூசி என் முகத்திலேயே விழுந்தது.
மேல் வெட்டுப்பல் ஒன்றில் ஒரு பள்ளம்,
கீழே அதற்கு நேராக இன்னொன்று.
பால்பல் விழுந்த வயதிலிருந்து
சூரியகாந்தி விதை உடைத்து உடைத்து
அவனே தேய்த்துக்கொண்ட அடையாளம்.
"பள்ளத்தோடு பள்ளம் சேர்த்துவிட்டு அப்புறம் திருகு."

துண்டில் சுற்றி மாலை வண்டியில் கொடுத்தேன்.
உடையுமா என்றார் ஓட்டுநர்.
ஏற்கெனவே ஒரு தடவை உடைந்தாகிவிட்டது என்றேன்.
சிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

டிசம்பரில் எர்மெக் வந்தான், பத்துக் கிலோ இளைத்து.
தாடைக்கடியில் விரல் நீளத் தழும்பு.
அது சுயூன்பேக்கின் கையெழுத்து, நான் படிக்கவில்லை.
நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொன்னேன்.
ஒரு கடைவாய்ப்பல்லில் மட்டும் மை கொஞ்சம் அடர்த்தி.
மயிரிழை ராவினேன். மறுபடி கடி. மறுபடி.
"இப்போ?"

பதில் சொல்லவில்லை.
சட்டைப் பையைத் துழாவி
ஒரே ஒரு விதையை எடுத்தான்.
நான் தடுத்திருக்க வேண்டும்.
உடையும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.